சூளைத் தளம் சரிந்தபோது

"திங்கட்கிழமை கவுன்சில்ல உன் மனு தள்ளுபடி ஆகும்! செவ்வாய்க்கிழமை புல்டோசர் வரும்!"

"வரட்டும் ரூபர்ட்! அதைப் பார்க்க நீங்க இருக்க மாட்டீங்க!"

"மிரட்டறியா?"

"தள்ளி நின்னு பேசுங்க..."

மடமடவென்று ஒரு சரிவு...

ஒரு அலறல்...!

இங்கிலாந்தின் சஃபோக்கில் ஓர் ஆற்றங்கரையில், விக்டோரியா ராணி காலத்து மால்ட் ஆலை. பார்லியை முளைக்க வைத்து, சூளையில் உலர்த்தி, பீருக்கு அனுப்பிய கட்டடம். மூடிப் பல வருடங்கள்!

அதை இடித்து ஃபிளாட் கட்ட வந்த ரூபர்ட் ஸ்கீப், சூளைக்கு அடியில் இருந்த அடுப்பறையில் கிடந்தார். உயிர் இல்லை.

மேலே, ஓட்டுத் தளத்தில் ஒரு ஓட்டை. சூளை வாசலில் இமோஜன் கேட்ச்போல். இடிக்கக் கூடாது என்று மனுப் போட்டவள்.

"இவதான் தள்ளிவிட்டா மேடம்!"

கத்தியவர் டெஸ்மண்ட் லார்ட்டர். ரூபர்ட்டின் தொழில் பங்காளி.

இன்ஸ்பெக்டர் ஹெஸ்டர் தர்லோ அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கல. கேட்டேன்! நான் அந்தக் கோடியில பார்லி கிடங்குல இருந்தேன். 'நீங்க இருக்க மாட்டீங்க'ன்னா. அப்புறம் மெதுவா, 'தள்ளி நின்னு பேசுங்க'ன்னா. வார்த்தைக்கு வார்த்தை சொல்லுவேன்!"

"சொன்னது நிஜம்தான்..." இமோஜன் முன்னால் வந்தாள். "ஆனா நான் தொடக்கூட இல்ல மேடம்! மூஞ்சிக்கு நேரா வந்தார். நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். நான் நின்ன இடத்துல அவர் காலை வெச்சார். அவ்வளவுதான்!"

"ஜெயில்ல போய்ச் சொல்லு!" என்றார் லார்ட்டர்.

ஹெஸ்டர், லார்ட்டரைப் பார்லி கிடங்குக்கு நடத்திப் போனாள். போகிற வழியில், இமோஜனை உள்ளே ஓரமாக நிற்க வைத்து, சம்பவத்தின்போது இருந்தபடியே சூளையின் இரும்புக் கதவைச் சாத்தினாள்.

செல்போனை எடுத்தாள்.

"இமோஜன், தொண்டை கிழியக் கத்துங்க!"

காத்திருந்தார்கள்.

புறா சிறகடித்தது. வேறு சத்தமே இல்லை!

"கத்தினாளா இல்லையா?" லார்ட்டர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"கத்தினாங்க, போன்ல கேட்டுச்சு. தீ பரவாம இருக்க, சூளைக்கும் கிடங்குக்கும் நடுவுல அத்தனை தடிமனா சுவர் வெச்சிருக்காங்க சார். வாங்க, இன்னொரு இடம் பார்ப்போம்."

அடுப்பறை.

தலைக்கு மேலே சூளைத் தளம். சூடு ஏறுவதற்காக ஒவ்வொரு ஓட்டிலும் ஊசித் துளைகள். ஆளைப் பார்க்க முடியாது. ஆனால்...

"ஒரு கப் டீ கிடைக்குமா மேடம்?"

மேலிருந்து இமோஜன் முணுமுணுத்தது, காதோரம் பேசியது போல விழுந்தது!

"நீங்க நின்னது இங்கதான் லார்ட்டர்." ஹெஸ்டர் விரலை நீட்டினாள். "தளத்து ஓடுகளைத் தாங்கின இரும்புக் கம்பி கீழே கிடக்கு. அதுல கயிறு உரசின தடம்... புத்தம் புதுசு!"

"நான் எதுக்கு ரூபர்ட்டைக் கொல்லணும்? அவன் என் சிநேகிதன் மேடம்!"

"தெரியும். நீங்க கொல்ல நினைச்சது அவரை இல்ல."

லார்ட்டரின் முகம் வெளிறியது.

"இமோஜன் இல்லேன்னா மனுவுக்காகப் பேச ஆள் இல்ல. அவ குரல் தலைக்கு நேரா கேட்டுச்சு. காலடிச் சத்தமும் கேட்டுச்சு. கம்பியில கட்டின கயிறை இழுத்துட்டீங்க! அந்தக் காலடி யாரோடதுன்னு இந்தத் துளை வழியா தெரியாதே சார்..."

லார்ட்டர் அப்படியே கரி படிந்த தரையில் உட்கார்ந்தார்.

"ரூபர்ட்... அவன் ஏன் அங்க வந்தான்...?"

விலங்கு மாட்டி வெளியே கொண்டுவந்தபோது, இமோஜன் வாசல் படியில் நின்றிருந்தாள்.

"நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றாள் ஹெஸ்டர். "கேஸ் முடியற வரைக்கும் இங்க ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொடக் கூடாது."

"நாலு வருஷமா கவுன்சில்கிட்ட இதைத்தானே மேடம் கெஞ்சினேன்! லார்ட்டர் சார் ஒரே இழுப்புல வாங்கிக் குடுத்துட்டாரே!"

வாசகர்களே, நீங்கள் லார்ட்டரை எந்த இடத்தில் சந்தேகப்பட்டீர்கள்? மறைக்காமல் ஒரு வரி எழுதிப் போடுங்கள்!