பெட்டியை வாங்காத வீடு

அடோமா பிணவறையில் இருந்தாள்.

அவளுக்கான சவப்பெட்டி தெருவில் நின்றது.

கானா நாட்டுக் குமாசி நகரின் காலை வெயிலில், ஒரு பிக்கப் வண்டியின் முதுகில். வெள்ளை நிறம். பித்தளைக் கைப்பிடிகள். கணவன் போன்சு ஆள் மூலம் அனுப்பியது. அந்த ஊர் வழக்கப்படி, மனைவி இறந்தால் பெட்டி கணவன் தர வேண்டும். அவள் பிறந்த வீடு அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

மறுத்தால்...?

'நீதான் கொன்றாய்' என்று ஊரறியச் சொல்வதாக அர்த்தம்.

அடோமாவின் அண்ணன் ஒபிரி கேட்டை மூடி, குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

இன்ஸ்பெக்டர் செர்வா ஜீப்பிலிருந்து இறங்கினாள்.

"மேடம், சீக்கிரம் உள்ளே எடுத்துக்கச் சொல்லுங்க," என்றான் வண்டிக்காரன். "போற மினிபஸ்காரன் எல்லாம் திட்டறான். ஆள் இல்லாத பெட்டிக்கே இவ்வளவு ட்ராஃபிக்னா..."

செர்வா ஒபிரியிடம் போனாள்.

"போன்சு லாக்கப்புல இருக்கான். தங்கச்சிக்காகப் பெட்டியையாவது வாங்கிக்கலாமே?"

"அவன் ஒத்துக்கட்டும். வாங்கிக்கறேன்."

"அவன் வாயே திறக்க மாட்டேங்கறான்."

"திறந்து என்ன சொல்லுவான்? போன வருஷம் மணிக்கட்டு. துணி பிழியறப்ப உடைஞ்சுதாம். அப்புறம் விலா. இருமினப்ப உடைஞ்சுதாம். இருமினா எலும்பு உடையுமா மேடம்? இப்ப இடுப்பு. அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி ஓடினா... அடுக்களைப் படிக்குக் கீழ, தலை அடிபட்டுக் கிடக்கா. அவன் பக்கத்துல நிக்கறான்."

ஒபிரி துக்கத் துணியை விலக்கினான். இடுப்பில் நீளத் தழும்பு.

"என் கிட்னியைக் குடுத்துக் காப்பாத்தினேன். அவன் எலும்பு எலும்பா உடைச்சிட்டான்."

செர்வாவின் போன் அலறியது.

பிரேதப் பரிசோதனை டாக்டர் அம்போஃபோ. செர்வா ஜீப் பக்கம் ஒதுங்கினாள்.

"செர்வா... அந்த ஆளை விட்டுடு."

"ஏன்?"

"மேல கை பட்ட தடமே இல்ல. எலும்பு பிஸ்கட் மாதிரி இருக்கு. அவ விழுந்து இடுப்பு உடையலை. இடுப்பு உடைஞ்சு விழுந்திருக்கா."

"நாப்பது வயசுலயா?"

"மாத்துக் கிட்னியைக் காப்பாத்த ஸ்டீராய்டு சாப்பிட்டா. அது எலும்பை அரிக்கும். கூடவே, வயித்து அமிலத்தைக் குறைக்கற மாத்திரை. ஆபரேஷன் ஆன புதுசுல தேவைதான். வருஷக்கணக்குல சாப்பிட்டா எலும்புக்கு ஆகாது. கிளினிக் ஃபைலைப் பாத்தேன், எப்பவோ நிறுத்தச் சொல்லிட்டாங்க. ஆனா போன மாசம் வரைக்கும் யாரோ குடுத்திருக்காங்க."

"அதுதான் காரணமா?"

"அது மட்டும்தான்னு சத்தியம் பண்ண மாட்டேன். அதுக்கும் பங்கு இருக்கும்."

"யார் குடுத்தா?"

"அது உன் வேலை."

செர்வா எரியும் நெஞ்சைத் தடவியபடி திரும்பி வந்தாள்.

"காலையில கென்கே மாவு உருண்டையும் மிளகாய் அரைச்சதும்தானே மேடம்?" என்றான் ஒபிரி.

"ம்."

அவன் ஒரு மாத்திரை அட்டையை நீட்டினான்.

"ஒண்ணு போடுங்க. அமிலத்தை அப்படியே அடக்கிடும். என் மருந்துக் கடையில இதுதான் ராஜா. அடோமாவுக்கு மாசம் தவறாம அனுப்புவேன். அத்தனை மருந்து திங்கறா. வயிறாவது எரியாம இருக்கட்டும்னு..."

செர்வா அட்டையை வாங்கினாள். பையில் போட்டுக்கொண்டாள்.

லாக்கப்பில் போன்சு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். செர்வா அட்டையைக் காட்டினாள்.

"தெரியுமா?"

தலையசைத்தான்.

"இதை இன்னும் சாப்பிடறதைப் போன மாசம்தான் கிளினிக்ல கண்டுபிடிச்சாங்க. அன்னைக்கே நிறுத்திட்டா. அதுக்குள்ள எல்லாம் ஆயிடுச்சு."

"ஏன் சொல்லலை? ஆயுசுக்கும் உள்ள கிடந்திருப்பே."

"அவ சத்தியம் வாங்கிட்டா. கிட்னி குடுத்தவன்கிட்ட இதைச் சொல்லாதேன்னு." முகத்தைத் துடைத்தான். "மச்சான்கிட்ட மிச்சம் இருக்கறது ஒரு கிட்னி. அப்புறம், தங்கச்சியைக் காப்பாத்தினோம்ங்கற நினைப்பு. அதையும் நான் பிடுங்கணுமா மேடம்?"

செர்வா சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்தாள்.

மாலையில் ஜீப் மறுபடி அந்தத் தெருவுக்கு வந்தது. போன்சு அவளுக்குப் பின்னால் இறங்கினான். ஒபிரி எழுந்தான்.

"யாரும் தள்ளலை," என்றாள் செர்வா. "ஸ்டீராய்டுல எலும்பு இத்துப் போயிருந்துச்சு. தானா உடைஞ்சது. டாக்டர் எழுதிக் குடுத்துட்டார்."

"ஸ்டீராய்டு மட்டும்தானா?"

செர்வா போன்சுவைப் பார்த்தாள். அவன் மண்ணைப் பார்த்தான்.

"மட்டும்தான்."

ஒபிரி நாற்காலியை நகர்த்தினான். கேட்டைத் திறந்தான். பெட்டியின் தலைமாட்டை அவனே பிடித்தான். கால்மாட்டைப் போன்சு பிடித்தான்.

"உன்னைக் கொலைகாரன்னேன்," என்றான் ஒபிரி.

"ஊரே சொல்லுச்சு மச்சான். உங்க குரல்தான் கொஞ்சம் பெரிசு."

ஒபிரி சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. பெட்டியின் மேல் நெற்றியை வைத்து அழுதான். போன்சு மறுமுனையைக் கீழே வைக்காமல் அவன் முடிக்கும்வரை நின்றான்.

செர்வா நெஞ்சைத் தடவிக்கொண்டாள். ஒபிரி கண்ணைத் துடைத்தபடி கவனித்தான்.

"இன்னும் எரியுதா மேடம்? கடையில இருந்து ஒரு டப்பா தரட்டுமா?"

"வேண்டாம் ஒபிரி. மிளகாயைக் குறைச்சுக்கறேன்."