நல்லா இருக்கறனுங்க

காலையில் அப்பா அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பார். ஹாரிகா பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்து அம்மாவுக்குப் பல் தேய்த்துவிடுவாள். முகம் துடைப்பாள். தலை வாருவாள். இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து ஊட்டுவாள். அப்பா குளித்துவிட்டு வந்து டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பம்பு கம்பெனிக்குக் கிளம்புவார். ஹாரிகா பள்ளிக்கூடம் போவாள். போகும்போது கதவை வெறுமனே சாத்த வேண்டும். பூட்டக் கூடாது.

தினமும் இப்படித்தான்.

ஹாரிகா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அம்மா பிந்துவுக்குத் தசைகள் மெல்ல மெல்ல வலுவிழந்துபோகும் நோய். முதலில் கால் தளர்ந்தது. அப்புறம் கை. இப்போது நாக்கும் குழற ஆரம்பித்திருந்தது. இதற்கு மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னார். ஹாரிகா மறுபடியும் கேட்டாள். டாக்டர் மறுபடியும் அதையே சொன்னார்.

போன மாதம் வீட்டில் யாரும் இல்லாதபோது அம்மா கீழே விழுந்துவிட்டாள். ஹாரிகா பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை தரையிலேயே கிடந்தாள். அன்றைக்கே அப்பா உடுமலைப்பேட்டையில் இருக்கும் மாமாவுக்குப் போன் செய்தார். மாமா வீட்டில் பகலில் ஆட்கள் இருப்பார்கள். அம்மாவை அங்கே அனுப்பிவிடலாம் என்று முடிவானது. ஹாரிகா இங்கே அப்பாவோடு இருப்பாள். லீவு நாட்களில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வழி மட்டும் மிச்சம் இருந்தது. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ள அரசாங்கம் பணம் தரும். அது கிடைத்தால் பக்கத்துத் தெரு அம்புஜம் அக்கா பகலில் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வார். அம்மா எங்கேயும் போக வேண்டாம். ஆனால் முதலில் ஒருவர் வீட்டுக்கு வருவார். அம்மாவால் எதெல்லாம் முடியும், எதெல்லாம் முடியாது என்று பார்த்துப் பதிவு செய்வார். அதை வைத்துத்தான் பணம்.

அவர் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"பிந்து, உள்ளதைச் சொல்லோணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"சரிங்க," என்றாள் அம்மா.

அப்பா போனதும் அம்மா நல்ல புடவையைக் கட்டிவிடச் சொன்னாள். வீட்டுக்கு ஒருவர் வரும்போது நைட்டியோடு உட்கார்ந்திருக்க முடியுமா என்றாள். ஹாரிகாவுக்குப் புடவை கட்டிவிடத் தெரியாது. சுற்றத்தான் தெரியும். சுற்றினாள். கொசுவம் ஒரு பக்கமாகப் போய்விட்டது. அம்மா குனிந்து பார்த்தாள்.

"லாரிக்குத் தார்ப்பாய் கட்டுன மாதிரி இருக்குது கண்ணு," என்றாள்.

இருவரும் சிரித்தார்கள். அம்மா சிரித்தால் இருமல் வரும். வந்தது.

வந்தவரின் பெயர் யுஸ்ரா. பிசியோதெரபிஸ்ட். சின்ன வயதுதான். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அம்மா அவரை வாங்க அம்மணி என்றாள். உட்காரச் சொன்னாள். வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று வருத்தப்பட்டாள். ஹாரிகா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

யுஸ்ரா டேப்லெட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்ப உடம்பு எப்படி இருக்குதுங்க்கா?"

"நல்லா இருக்கறனுங்க."

ஹாரிகா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது தெரிந்தவர் ஒருவர் எதிரே வந்து கேட்டார். அப்போதும் அதையேதான் சொன்னாள். அதோடு விடாமல், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று அவரையும் விசாரித்தாள். ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் நின்று காத்திருந்தார்.

யுஸ்ரா ஒவ்வொன்றாகக் கேட்டார். குளிப்பது, உடுத்துவது, எழுந்து நடப்பது. அம்மா எதற்கும் இல்லை என்று சொல்லவில்லை. ஏதோ ஆகிறது என்றாள். பார்த்துக்கொள்கிறோம் என்றாள். சாப்பாடு எப்படி என்று கேட்டதற்குச் சாப்பிடுகிறேன் என்றாள். பொய் இல்லை. சாப்பிடத்தான் செய்கிறாள். ஊட்டுவது யார் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். நீங்களாகவே சாப்பிடுகிறீர்களா என்று யுஸ்ரா திருப்பிக் கேட்டார்.

"புள்ள கூடவே இருக்கறாளுங்க. ஒண்ணும் சிரமமில்லீங்க."

ஒவ்வொரு கேள்விக்கும் திரையில் மூன்று கட்டங்கள் இருந்தன. தானே செய்வார். உதவியோடு செய்வார். செய்ய முடியாது. யுஸ்ராவின் விரல் பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே விழுந்தது. ஹாரிகா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அம்மா நாற்காலியின் கைகளை அழுத்திக்கொண்டு எழுந்தாள்.

"இருங்க அம்மணி, காபி கொண்டாரேன்."

யுஸ்ரா வேண்டாம் என்றார். ஹாரிகா ஓடினாள். அம்மா கண்ணாலேயே அவளை நிறுத்தினாள். வீட்டுக்கு வந்தவருக்கு இந்த வீட்டில் காபி கொடுக்காமல் இருந்ததில்லை. அதை அம்மாதான் கொடுப்பாள்.

அம்மாவின் உடம்பில் ஒரு நாளைக்கு ஒரு வேலைக்கு மட்டும்தான் வலு இருக்கும். தலை வாரிக்கொண்டால் அன்றைக்குச் சாப்பிட முடியாது. அதனால்தான் காலையில் எல்லாவற்றையும் அப்பாவும் ஹாரிகாவும் செய்தார்கள். இன்று அந்த ஒரு வேலையை அம்மா காபிக்காக வைத்திருந்தாள்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். காலையில் ஹாரிகா கலந்து பிளாஸ்கில் வைத்திருந்த காபியைத் தானே சாய்த்து ஊற்றினாள். டம்ளரை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

யுஸ்ரா குடித்தார். காபி நன்றாக இருப்பதாகச் சொன்னார். கை நன்றாக வேலை செய்கிறதே என்று சந்தோஷப்பட்டார். முதல் கட்டத்தை அழுத்தினார். வேறு தெருவில் இன்னொரு வீடு பார்க்க வேண்டும் என்று எழுந்தார்.

ஹாரிகா கூடவே கேட் வரை போனாள். அம்மா நடிக்கிறாள் என்று உள்ளேயே கத்தியிருக்கலாம். அதை விருந்தாளி முன்னால் சொன்னால் அம்மாவின் முகம் எப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் யுஸ்ராவின் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, இதை மறந்துட்டுப் போங்க."

"என்ன கண்ணு?"

"அந்த ஊட்டைப் பாத்துட்டு ஹெல்மெட் எடுக்க வாங்க. அப்ப அம்மாவைப் பாருங்க."

"இப்பத்தானே பாத்தேன்."

"இப்பப் பாத்தது காபியைத்தானுங்க்கா. அம்மாவை இன்னும் பாக்கலீங்க."

யுஸ்ரா அவளையே பார்த்தார். பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"போலீஸ் புடிச்சா நீதான் ஃபைன் கட்டோணும்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனார்.

ஹாரிகா உள்ளே வந்தபோது அம்மாவின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியிருந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. ஹாரிகா தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் கழுத்தில் ஓடியது. அப்போதுதான் கவனித்தாள். நல்ல புடவை நனைந்திருந்தது. பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லக்கூட அம்மாவால் முடியாமல் போயிருந்தது.

இப்படி ஆகும் என்று அவள் நினைக்கவில்லை. அம்மா களைத்துப்போயிருப்பாள், அதைப் பார்த்தால் போதும் என்றுதான் நினைத்தாள்.

புடவையை மாற்றலாம் என்று அலமாரியைத் திறந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

ஹாரிகா கதவருகே நின்றாள். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு அம்மாவைத் துடைத்து, மாற்றி, பவுடர் போட்டுவிடலாம். அம்மா மறுபடியும் நல்லா இருக்கறனுங்க என்பாள். உடுமலைக்குப் போய்விடுவாள். கதவைத் திறந்துவிட்டால் யுஸ்ரா எல்லாவற்றையும் பார்ப்பார். அம்மா இங்கேயே இருக்கலாம். ஆனால் அம்மாவைக் கேட்காமல் எப்படித் திறப்பது?

அவள் திரும்பி வந்து அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அம்மா, அந்த அக்கா ஹெல்மெட்டுக்கு வந்திருக்கறாங்க. உள்ள வரச் சொல்லட்டுமா?"

அம்மா கண்களை மூடிக்கொண்டாள். வெளியே தண்ணீர் லாரி ஒன்று போனது. அதன் சத்தம் தெருமுனை வரை போய் அடங்கியது.

"வரச் சொல்லு," என்றாள் அம்மா.

யுஸ்ரா உள்ளே வந்தார். ஹெல்மெட்டைத் தேடவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, புடவையை மாற்ற ஹாரிகாவுக்கு உதவி செய்தார். அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அப்புறம் தரையில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தார். முன்பு அழுத்தியதையெல்லாம் அழித்தார். இதில் இல்லாத ஒரு கேள்வியை முதலில் நானாகவே கேட்கிறேன் என்றார்.

"அக்கா, ஒருதடவை காபி கொண்டாந்துட்டீங்க. அதே வேலைய இன்னைக்கு மறுபடியும் பண்ண முடியுங்களா?"

அம்மா கூரையைப் பார்த்தாள். ஹாரிகாவுக்குப் பதில் தெரியும். அவள் சொல்லவில்லை. அது அம்மா சொல்ல வேண்டியது.

"முடியாதுங்க," என்றாள் அம்மா.

அம்மா அந்த வார்த்தையைச் சொல்லி ஹாரிகா கேட்டதே இல்லை.

குளிக்க? முடியாதுங்க. உடுத்த? முடியாதுங்க. சோற்றை அள்ளி வாயில் வைக்க? முடியாதுங்க. ஒவ்வொரு முறையும் அம்மாவின் குரல் இன்னும் கொஞ்சம் கீழே போனது. ஹாரிகாவுக்கு இரண்டு காதையும் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பொத்தவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். கடைசிக் கேள்வி வரை அம்மா அந்த 'ங்க'வை மட்டும் விடவில்லை.

சாயங்காலம் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் புள்ள நெசமாலுமே மறந்துட்டுத்தான் போச்சா?"

"ஆமாம்மா."

அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"செரி," என்றாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு பணம் வந்தது. அப்பா உடுமலை மாமாவுக்குப் போன் செய்து, அம்மா இங்கேயே இருக்கட்டும் என்றார். நோய் நிற்கவில்லை. அந்தப் பணம் அதற்கில்லை. அம்மாவின் பேச்சில் பாதி வெறும் சத்தமாகவே வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் அம்புஜம் அக்கா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இட்லித் தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். ஹாரிகாவுக்குச் செய்ய எதுவும் இல்லை. பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். தெருமுனையில் ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்தது. அவள் கிளம்பவில்லை.

அம்மா இட்லியை விழுங்கிவிட்டு அவள் பக்கம் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் சத்தங்கள் வந்தன. வார்த்தை வரவில்லை. அன்று காலை சொன்னதுதான் கடைசி. அது தெளிவாகவே வந்தது.

"நேரமாகுது பாரு கண்ணு, நீ போய்ட்டு வா. எனக்கு ஆளு இருக்குது."