சார், எங்க அழுத்தணும்?

உலக மக்கள் அனைவருக்கும் ஓர் அறிவிப்பு! தாம்பரம் செவ்வந்தி நகர் குடியிருப்போர் சங்கத்துக்கு இணையதளம் பிறந்துவிட்டது. பெற்றெடுத்தவர், செயலாளர் தோத்தாத்ரி. கேரம் போட்டிக்குக்கூட இனி அதில்தான் பெயர் கொடுக்க வேண்டும். கடைசி நேரம், இன்று மாலை ஆறு மணி.

மணி ஐந்தே முக்கால். போனில் அந்தத் தளத்தைத் தடவிக்கொண்டிருந்த ஆறாம் வகுப்பு ஹெப்சியின் மூக்கு சிவந்திருந்தது. ஜலதோஷம் அல்ல, கோபம்.

"எல்லாம் ஒரே கறுப்பு எழுத்து. எங்கடி அழுத்தறது?"

"நீலமா, அடியில கோடு போட்டு ஒண்ணு இருக்கே?" என்றாள் அவளுடைய கேரம் ஜோடி ஜென்சி.

"ஏழு தடவை அழுத்திட்டேன். அது செயலாளர் பேரு!"

இருவரும் தோத்தாத்ரி வீட்டுக்கு ஓடினார்கள்.

"சார், பேர் கொடுக்க எங்க அழுத்தணும்?"

"கண்ணைத் திறந்து பாரு பாப்பா. அங்கங்க கலர் அடிச்சா மிட்டாய்க் கடை மாதிரி ஆயிடும். டிசைன்னா ஒரு கௌரவம் வேணும்."

"அப்ப உங்க பேர் மட்டும் ஏன் சார் நீலம்?"

"செயலாளர் இல்லையா? எடுப்பாத் தெரியணும்."

ஹெப்சிக்குக் காது வரை சுட்டது. ஆனால் கத்தவில்லை. போனை நீட்டினாள்.

"நீங்களே பதிஞ்சு கொடுங்க சார்."

தோத்தாத்ரி கண்ணாடியை மாட்டினார். வரவேற்புரையை அழுத்தினார். தன் புகைப்படத்தை அழுத்தினார். நெற்றி வியர்த்தது. கடைசியில், யாரும் பார்க்காத மாதிரி, தன் பெயரை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

"நாங்களும் அதைத்தான் சார் அழுத்தினோம்" என்றாள் ஜென்சி, மிகுந்த மரியாதையோடு.

"கம்ப்யூட்டரைத் திறங்க சார்" என்றாள் ஹெப்சி. "உங்க பேர்ல இருக்கிற நீலத்தையும் கோட்டையும் எடுத்து, அழுத்த வேண்டிய வார்த்தைக்குக் கொடுங்க. இப்பவே!"

தோத்தாத்ரி முனகிக்கொண்டே மாற்றினார். 'பெயர் கொடுக்க' என்ற சொற்கள் நீலமாகி, கோட்டின் மேல் பளிச்சென்று நின்றன. ஒரே அழுத்து. ஐந்து ஐம்பத்தொன்பதுக்குப் பதிவு முடிந்தது.

ஆறு மணிக்குப் பட்டியலைத் திறந்தார்கள். செவ்வந்தி நகர் முழுவதிலும் இரண்டே பெயர்கள். ஹெப்சி, ஜென்சி.

"அப்ப கப் நமக்குத்தான்டி!" என்று குதித்தாள் ஜென்சி.

ஹெப்சிக்கு மறுபடியும் மூக்கு சிவந்தது. "மத்தவங்களும் நம்மள மாதிரி தேடிப் பார்த்துட்டு விட்டிருப்பாங்க. சார், கடைசி நேரத்தை நாளைக்கு மாத்துங்க."

மறுநாள் இருபத்திரண்டு ஜோடிகள் சேர்ந்தன. தோத்தாத்ரியின் பெயரை யாரும் அழுத்தவில்லை.

ஹெப்சியும் ஜென்சியும் முதல் சுற்றிலேயே தோற்றார்கள்.