ஊதிக்கொண்டே இருந்தவர்

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. மூச்சுப் பரிசோதனை அறையில் பல வருடமாக வேலை பார்ப்பவள் அவள். நோயாளி உள்ளே நுழையும்போதே கண் நெஞ்சுக்குத்தான் போகும். தடித்த சட்டை, அதனால்தான் தெரியவில்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அவருடைய மனைவி கதவோரமே நின்றுவிட்டாள்.

“என்ன வேலை பாத்தாரும்மா?”

“கல்லு அறுக்கிற பட்டறைங்க. அந்தத் தூசுதான் நெஞ்சுல படிஞ்சிருச்சுன்னாங்க. வறட்டு இருமல். நாலு படி ஏறினா இளைப்பு. மருந்து உறிஞ்சினாரு, ஆக்சிஜன் வெச்சாங்க, எதுக்கும் கேக்கல. முந்தாநாள்ல இருந்துதான் ஒரு தொந்தரவும் இல்ல.”

“நல்லதுதானே?”



பரிசோதிப்பவள் அவர் மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் மெஷினின் குழாயைக் கொடுத்தாள். விரல் பட்ட கன்னம் சில்லென்றிருந்தது.

“நல்லா இழுத்து, ஒரே மூச்சா ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!” வழக்கமான கூச்சல். டாக்டர் அவளை ‘பலூன்காரம்மா’ என்று கிண்டல் செய்வதே இதற்காகத்தான்.

அவர் இழுக்கவில்லை. நேராக ஊதத் தொடங்கினார்.

கல்தூசு தின்ற நுரையீரல் சுருங்கிப்போயிருக்கும். திரையில் கோடு கொஞ்சம் ஏறியதுமே படுத்துவிடும். இந்தக் கோடு படுக்கவில்லை. ஏறி, ஏறி, திரையின் மேல்விளிம்பைத் தாண்டிப் போனது. மெஷின் கோளாறு என்று குழாயைப் பிடுங்கினாள். அவர் ஊதிக்கொண்டே இருந்தார், திறந்த வாயோடு, கண்ணிமைக்காமல். அடைத்த ஜன்னலின் இடுக்கில் காற்று நுழைவது போன்ற ஒரு மெல்லிய சீழ்க்கை அறையெங்கும் சுற்ற, ஈரக்கல்லை அறுக்கும் வாடை மூக்கில் ஏற, மேசையிலும் விசைப்பலகையிலும் அவள் கை ரோமங்களிலும் சாம்பல் நிறப் பொடி படிந்தது.

“போதுங்க. நிறுத்துங்க.”

“வீட்லயும் இப்படித்தாங்க.” மனைவி ஒரு காலை வெளியே வைத்திருந்தாள். “ஊதிக்கிட்டே இருந்தாரு. நிறுத்துனப்ப எங்க மாமியார்தான் பக்கத்துல இருந்தாங்க.”

“அவங்களுக்கு என்னாச்சு?”

“மன்னிச்சிருங்க அக்கா. தனியா என்னால முடியல.”

கதவு சாத்திக்கொண்டது. வெளித்தாழ்ப்பாள் விழுந்தது. செருப்புச் சத்தம் ஓடித் தேய்ந்தது.

உள்ளே அடைபட்டவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. தூசு போதும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்த ஆரம்பித்தது. கதவைத் தட்டினாள். கத்தப் பார்த்தாள். குரல் எழவில்லை.

சீழ்க்கை நின்றது.

அவர் ஊதி முடித்திருந்தார்.

பிறகு, மிக மெதுவாக, இழுக்க ஆரம்பித்தார்.

திரைச்சீலை அவர் பக்கம் சாய்ந்தது. மேசைக் காகிதங்கள் எழுந்தன. அவள் கைப்பையைத் துழாவி இன்ஹேலரை எடுத்தாள். வாயில் வைத்து அழுத்தினாள். மருந்துப் புகை தொண்டைக்குள் இறங்கவில்லை. உதட்டோரம் வழிந்து, வெள்ளை நூலாக நீண்டு, அவர் வாய்க்குள் போனது.

இன்னொருமுறை அழுத்தினாள்.

அதுவும் போனது.

கதவோடு சரிந்து உட்கார்ந்தாள். கதவில் காது ஒட்டியது. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். கிழவர் ஒருவர். ஒரு பெண். ஒரு குழந்தை.

அவர் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்.

கிழவரின் இருமல் பாதியில் நின்றது.

பிறகு அந்தப் பெண்ணுடையது.

குழந்தை மட்டும் இருமிக்கொண்டிருந்தது.