இரண்டு உறைகள், ஒரே கடிதம்

படியேறி வரும் செருப்புச் சத்தத்தை வைத்தே நூலகர் சொல்லிவிட்டார்: "புத்தகத்துக்கு வரலை. ஏதோ பிரச்சினையோட வர்றாங்க."

உதவியாளர் எட்டிப் பார்த்தாள். மூச்சு வாங்க வாசலில் நின்றவர் இயற்பியல் துறைத்தலைவர். அவளுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். இந்தக் கல்லூரியில் ஏதாவது காணாமல் போனாலும் யாராவது பொய் சொன்னாலும் எல்லோரும் முதலில் ஏறி வருவது இந்த மூன்றாம் மாடிக்குத்தான். போன வருடம் தொலைந்த விடைத்தாள் கட்டைக் கண்டுபிடித்தது நூலகர். அதைத் திருடியதாக வரிசையாக மூன்று அப்பாவிகளைக் கைகாட்டியது உதவியாளர். அந்த மூன்று பேரும் இன்னும் அவளோடு பேசுவதில்லை.

"உக்காருங்க சார்," என்றார் நூலகர். அவர் எதற்கும் அவசரப்படுகிறவர் இல்லை. ஜன்னலோரம் இருந்த கழுவுதொட்டியிலிருந்து பழைய நாளிதழ்களை எடுத்து ஒழுங்குபடுத்தி, மறுபடி அதிலேயே வைத்தார். நூலகம் இங்கே மாறி வந்து ஐந்து வருடம் ஆகிறது. அந்தத் தொட்டிக்கு அன்றிலிருந்தே தண்ணீர் கிடையாது. இடித்து எடுக்க ஆளில்லாததால் அது நாளிதழ் அலமாரி ஆகிவிட்டது.

துறைத்தலைவர் கோப்பைத் திறந்து இரண்டு கடித நகல்களை மேசையில் வைத்தார். விஷயம் இதுதான். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று வருடாவருடம் உதவித்தொகை தருகிறது. ஒரு வருடப் படிப்பு, தங்குமிடம், விமானச்சீட்டு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் மட்டும் மூடிய உறையில், தபாலில் வந்தாக வேண்டும். இதுவரை கல்லூரிக்கு ஒருவர்தான் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. இந்த வருடம்தான் இருவர் என்று தளர்த்தினார்கள். வெல்டர் மகள் ஒருத்தி, டாக்டர் மகன் ஒருவன் என இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். இருவருக்காகவும் போன கடிதங்கள் பெயரைத் தவிர எழுத்துக்கு எழுத்து ஒன்று. அறக்கட்டளை அதைக் கவனித்து விளக்கம் கேட்டிருந்தது.

"பையனுக்கு நான் எழுதினேன்," என்றார் துறைத்தலைவர். "அந்தப் பொண்ணு அதை எப்படியோ எடுத்து, பேரை மாத்தி, என்கிட்ட கையெழுத்துக்கு நீட்டியிருக்கு. ஒரு நாளைக்கு நூறு காகிதம் வருது, ஒவ்வொண்ணையும் படிச்சிட்டா இருப்பேன்? இன்னிக்கு நாலு மணிக்குள்ள யார் காப்பியடிச்சதுன்னு அறக்கட்டளைக்குச் சொல்லணும். சொல்லலேன்னா ரெண்டு பேருக்கும் கிடையாது."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

"அழுவுது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுன்னா மாட்டேங்குது. அவங்கப்பாவும் வேலையைப் போட்டுட்டு வந்து நிக்கிறார். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிடும்."

நூலகர் ஒரு நகலை உதவியாளரிடம் நீட்டினார். "சத்தமா வாசிம்மா."

அவள் உற்சாகமாக ஆரம்பித்தாள். இரண்டு வரி வரைக்கும் உற்சாகம் இருந்தது.

"'...மூன்றாம் மாடி ஆய்வகத்தில் ஒரு மாலை மின்சாரம் நின்றபோது மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். இவர் மட்டும் கைவிளக்கு வெளிச்சத்தில் கடைசி அளவீடுவரை எடுத்த பிறகே எழுந்தார். என் இத்தனை வருட ஆசிரியப் பணியில்...'"

குரல் நின்றுவிட்டது.

"'...ஆசிரியப் பணியில் இப்படியொரு மாணவரை நான் கண்டதில்லை,'" என்று மிச்சத்தை மென்று விழுங்கி முடித்தாள். உடம்பெல்லாம் கூசியது. அது அவள் எழுதியது. ஏழு வருடத்துக்கு முன், கடைசி வருடம் படிக்கும்போது, தங்கை பார்த்துவிடக் கூடாதென்று கதவைத் தாழ்போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து எழுதியது. "நீயே ஒண்ணு எழுதிட்டு வாம்மா, கையெழுத்து போட்டுத் தரேன்," என்று இதே துறைத்தலைவர்தான் சொன்னார். தன்னைத் தானே புகழ்ந்து எழுதுவதற்குள் நான்கு தாள் கிழிந்தது. ஐந்தாவது தாளில் வெட்கத்தை விட்டுவிட்டாள்.

அறக்கட்டளையிடமிருந்து பதிலே வரவில்லை. தேர்வானவர்களுக்கு மட்டும்தான் அவர்கள் எழுதுவார்கள். அவளுக்குக் காரணம் உடனே புரிந்துபோனது. அங்கே யாரோ அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, இது ஆசிரியர் எழுதியதில்லை, தற்பெருமை பிடித்த ஒரு பெண் தானே எழுதிக்கொண்டது என்று சிரித்திருக்கிறார்கள். அதற்குள் அம்மா ஊரெல்லாம் சொல்லி, பெரிய பெட்டி ஒன்றும் வாங்கியிருந்தாள். அந்தப் பெட்டியில் இப்போது போர்வைகள் இருக்கின்றன. யாராவது அதைத் திறக்கும்போதெல்லாம் அவள் வேறு அறைக்குப் போய்விடுவாள்.

"தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டார் நூலகர்.

"இல்ல மேடம்," என்றாள். நான்தான் எழுதினேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். வாய் வரவில்லை.

துறை கீழ்த்தளத்தில் இருந்தது. நடைபாதைச் சுவரில் இதே உதவித்தொகையில் போய்வந்த மூன்று மாணவர்களின் படங்கள். மூன்றுமே இந்த ஏழு வருடத்துக்குள் மாட்டியவை. மூவரும் பனியில் நின்று சிரித்தார்கள். பெஞ்சில் வெல்டர் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா உட்காராமல் நின்றார். கையில் தீப்பொறி பட்ட புள்ளிகள். தூணருகே டாக்டர் மகன் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் தலைகுனிந்திருந்தான்.

"தம்பி, கைவிளக்கு வெளிச்சத்துல என்ன அளவீடு எடுத்தே?" என்று கேட்டார் நூலகர்.

"அது... வந்து... சரியா ஞாபகம் இல்ல மேடம்."

"நீ?"

"நான் அப்படி எதுவும் எடுக்கலை மேடம்," என்றாள் பெண், தரையைப் பார்த்து.

"உங்க ஆய்வகம் எங்கே இருக்கு?"

அவள் நடைபாதைக் கோடியைக் காட்டினாள். அந்தக் கதவைத் தாண்டினால் சைக்கிள் நிறுத்துமிடம்.

நூலகர் அடுத்து தட்டச்சர் அறைக்குள் நுழைந்தார். எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அந்தத் தட்டச்சர், மேசையில் இருந்த தாள்களை அவசரமாக அடுக்கினார். பக்கத்துத் தாங்கியில் ஒரு கனத்த உறை செருகியிருந்தது. ஓரமெல்லாம் பழுப்பேறி, மூலையில் 'மாதிரி' என்று பென்சிலில் எழுதியிருந்தது. அதில் ஒட்டியிருந்த மூன்று பறவைத் தபால்தலைகள் மட்டும் ஒரு கறைகூட இல்லாமல் பளிச்சென்று இருந்தன.

"பரிந்துரைக் கடிதம் எப்படி இருக்கணும்னு பசங்க உங்ககிட்ட கேப்பாங்களா?"

தட்டச்சர் துறைத்தலைவரைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் நூலகர் உதவியாளரிடம் மெதுவாகக் கேட்டார். "சந்தேகப்பட ஆள் யாரும் இல்லையா இன்னிக்கு? இந்நேரம் காவலாளியைக்கூட விட்டிருக்க மாட்டியே."

"ஒண்ணும் தோணலை மேடம்."

"சரி," என்றார் நூலகர். அதற்குமேல் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்றரை மணிக்குத் துறைத்தலைவர் அறையில் எல்லோரும் கூடினார்கள். அவர் ஒரு வெள்ளைத் தாளைப் பெண்ணின் முன் தள்ளினார்.

"இப்ப எழுதினா விஷயம் இங்கேயே முடிஞ்சிடும். இல்லேன்னா பிரின்சிபால் வரைக்கும் போகும்."

அவள் அப்பா மகளின் தோளைத் தொட்டார். "எழுதிடும்மா. சார் இவ்வளவு பெரிய ஆளு. பொய்யா சொல்லப்போறாரு?"

அதைச் சொல்லும்போது அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மகள் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. உதவியாளருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தன்னுடைய ஒரு பக்கத் தற்பெருமையை மறைக்க, இந்தப் பெண் திருடி என்று எழுதிக் கொடுக்க வேண்டுமா?

"எழுதாதே!" என்றாள். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. "அது என் கடிதம். நான் எழுதினது. என்னைப் பத்தி நானே எழுதிக்கிட்டது. ஏழு வருஷத்துக்கு முன்னாடி."

அவள் முகம் காதுவரை எரிந்தது. நூலகர் மட்டும் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"நீயே சொல்லட்டும்னுதான் காத்திருந்தேன்," என்றார். "சார், கடிதத்துல மூணாம் மாடி ஆய்வகம்னு இருக்கு. இந்தப் பசங்க படிக்கிறது கீழ்த்தள ஆய்வகத்துல. மூணாம் மாடியில அஞ்சு வருஷமா என் நூலகம் இருக்கு. ஆய்வகத்தோட கழுவுதொட்டியிலதான் நான் நாளிதழ் அடுக்குறேன். அதனால இது இந்த ரெண்டு பேருக்கும் எழுதின கடிதமே இல்ல. பழைய மாணவர் யாருக்கோ எழுதினது. யாருக்குன்னு யோசிச்சேன். எப்பவும் மூணு பேரையாவது சந்தேகப்படுற ஒரு ஆள், ரெண்டு வரி வாசிச்சதும் வாயை மூடிக்கிச்சு. ஆய்வகம் அங்கே இருந்தப்ப இந்தக் கல்லூரியில படிச்ச பொண்ணு அது."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி.

"பையனுக்கு நீங்க எழுதலை சார். யாருக்கும் எழுதலை. ரெண்டு பேர்கிட்டயும் 'நீயே எழுதிட்டு வா'ன்னு சொன்னீங்க. வழி தெரியாம ரெண்டு பேரும் தனித்தனியா அக்காகிட்ட போனாங்க. அக்கா மாதிரியைக் குடுத்தாங்க. எல்லாரும் இப்படித்தான் எழுதணும்போலன்னு பசங்க நினைச்சாங்க. நீங்க படிக்காம கையெழுத்து போட்டீங்க. படிச்சிருந்தா மூணாம் மாடியிலேயே மாட்டியிருக்கும்."

டாக்டர் மகன் தலையை ஆட்டினான். "சார் சொல்லித்தான் எழுதினோம்னு வெளிய சொன்னா அவருக்கு அசிங்கம்னு..." என்றவன் முடிக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் நூலகர். அவர் குரல் இப்போது தணிந்திருந்தது. "அக்கா, அந்த உறையைக் கொண்டு வாங்க."

தட்டச்சர் கொண்டுவந்த உறையை நூலகர் உதவியாளரின் கையில் கொடுத்தார். "தபால்தலையைப் பாரு."

மூன்று பறவைகள். அவற்றின்மேல் தபால் முத்திரை விழவே இல்லை. உள்ளே அவளுடைய பெயர் போட்ட கடிதம், துறைத்தலைவரின் கையெழுத்தோடு, மடிப்புக் கலைந்து இருந்தது.

தட்டச்சர் அழ ஆரம்பித்துவிட்டார். "ரொம்ப நல்லா எழுதியிருக்கு, மாதிரிக்கு ஒண்ணு அடிச்சு வச்சுக்கிட்டு அனுப்புன்னு சார் சொன்னாரு. அன்னிக்கு சாயங்காலமே என் பொண்ணுக்குப் பிரசவ வலின்னு போன் வந்துச்சு. அப்படியே போட்டுட்டு ஓடினேன். திரும்பி வந்து பாத்தா கடைசித் தேதி போயிருச்சு. சொல்ல வாய் வரலைம்மா. மேல நூலகத்துல உன்னைப் பாக்குறப்பல்லாம்..."

உதவியாளர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. படித்திருந்தால்தானே சிரிக்க? நன்றாக இருந்ததால்தான் அது போகாமலே நின்றது. நடைபாதைப் படங்களில் இருக்கும் மூன்று பேரும் இந்த வரிகளைக் கொண்டுதான் போய்விட்டு வந்தார்கள். தபால்தலையில் முத்திரை இல்லாததை அரை மணி முன்பு அவளும் பார்த்தாள். பார்த்தும் புரியவில்லை.

"ஏம்மா, அப்பவே என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே," என்றார் துறைத்தலைவர்.

"வெட்கமா இருந்துச்சு சார்."

துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று ஐம்பது. தொலைபேசியை எடுத்து அறக்கட்டளை அலுவலகத்தைக் கூப்பிட்டார். மாணவர்கள்மேல் தப்பில்லை, இரண்டு கடிதத்தையும் தான் எழுதவில்லை, படிக்காமல் கையெழுத்துப் போட்டது தான்தான் என்று வரிசையாகச் சொன்னார். இதற்கு முன் மூன்று பேருக்கும் இப்படித்தான் என்பதைக் கேட்காமலே சொன்னார். எதிர்முனையில் நீண்ட நேரம் பேசினார்கள். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"என்மேல கல்லூரிக்கு எழுதுவாங்க," என்றார் வைத்துவிட்டு. "பசங்களுக்கு ஒரு வாரம் குடுத்திருக்காங்க. புதுக் கடிதம் வரணும்." வெல்டரைப் பார்த்துக் கைகூப்பினார். "நான் பொய்தாங்க சொன்னேன்."

வெல்டர் ஒரு அடி பின்வாங்கினார். அவரும் பதிலுக்குக் கைகூப்பிவிட்டார்.

துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மன்னிப்புத் தாளையே தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்தார். பெண்ணின் பெயரை எழுதினார். அதற்குமேல் பேனா நகரவில்லை. மூன்று வருடம் தன் வகுப்பில் உட்கார்ந்த பெண்ணைப் பற்றி எழுத அவரிடம் ஒரு வரிகூட இல்லை.

"நீ... உனக்கு எந்தப் பாடம்மா பிடிக்கும்?" என்று கேட்டார். கேட்கும்போது தலை நிமிரவில்லை.

அவள் தயங்கித் தயங்கிச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். அரைப் பக்கம் ஆனதும் உதவியாளர் பக்கம் திரும்பினார்.

"படிச்சு முடிச்சவங்களும் இதுக்கு விண்ணப்பிக்கலாம்னு நினைக்கிறேன். வயசு வரம்பு எவ்வளவுன்னு தெரியலை..."

"முப்பது சார்," என்றாள் உதவியாளர்.

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. வருடாவருடம் அவள் அந்த அறிவிப்பை எடுத்துப் பார்த்திருக்கிறாள் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துபோனது. அவள் மறுபடி சிவந்தாள். ஆனால் பார்வையை விலக்கவில்லை.

"அடுத்த வருஷத்துக்கு உனக்கு நான் எழுதித் தரேன். நானே எழுதறேன்," என்றார் துறைத்தலைவர். "முடிச்சதும் அக்காகிட்ட குடுத்து அனுப்பச் சொல்றேன்."

உதவியாளர் அந்தப் பழைய உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எழுதுங்க சார்," என்றாள். "தபால் பெட்டியில நானே போட்டுக்கறேன்."