ஏணிக்கு அடியில் ஒரு கால்

அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா வேலை பார்க்கும் குடோனுக்குக் கனிமொழி போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே ஈரச் சாக்கு நாற்றமும் டீசல் புகையும் கலந்த இருட்டு. அப்பாவைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்தாள். போன மாதம் இங்கே லோடு ஏணியிலிருந்து விழுந்துதான் அப்பாவின் கூட்டாளி திருவேங்கடம் செத்தார். தலைசுற்றல் என்று எழுதி மூடினார்கள். இரண்டு ஏணிக்கு ஒரே ஆளை நிறுத்தி வைத்ததை எவன் எழுதுவான்?

லோடுமேன்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஏணியின் அடிப்படியை மிதித்துக்கொண்டு நிற்பார். ஏறுகிறவர் கீழே பார்க்கமாட்டார். குரலை நம்பி ஏறுவார். மாற்று ஆள் வந்து கால் வைத்த பிறகுதான் மிதித்தவர் காலை எடுப்பார்.

லாரி லோடின் உச்சியில், பதினான்கு அடி உயரத்தில், அப்பா ஏகாம்பரம் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

ஏணிக்கு அடியில் யாருமே இல்லை.

"நைனா," என்றாள் மெதுவாக. கத்தினால் சட்டென்று திரும்பிவிடுவாரோ என்று பயம். "எறங்கு. கீய ஆளு இல்ல."

"பி.காம். படிச்சா கண்ணு பூடுமா? 'மிதிச்சுகினு கீறேன், ஏறு மாமே'ன்னு இப்பத்தான சொன்னான்."

"யாரு?"

அந்தக் குடோனில் அப்பாவை மாமே என்று கூப்பிட ஒரே ஒருவர்தான் இருந்தார், போன மாதம் வரை.

அப்பா இறங்குவதற்காக ஏணியில் காலை ஊன்றினார். ஏணியின் உச்சி ஆடியது. அடிப்படி மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றது.

கனிமொழி ஓடிப்போய் அதன்மேல் காலை வைத்தாள்.

சில்லென்றிருந்தது.

அவள் பாதத்துக்கு அடியில் இன்னொரு பாதம். பெரியது. நரம்பு புடைத்தது. கண்ணுக்குத் தெரியவில்லை.

அது மெல்ல விலகிக்கொண்டது.

மாற்று ஆள் வந்தாயிற்றே.

நாற்பத்திரண்டு கிலோ அவள். ஏணி வழுக்கியது.

ஆஸ்பத்திரிக்குச் சூப்பர்வைசர் ரவிச்சந்திரன் காகிதத்தோடு வந்தார். "தலைசுத்தல்னே போட்டுக்கலாம்மா. ஏணியப் புடிச்சது நீன்னு எழுதினா உனக்குத்தான் கஷ்டம்."

கையெழுத்துப் போட்டாள். ரவிச்சந்திரன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

டாக்டர் அப்பாவின் உள்ளங்காலில் ஊசியால் குத்திப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அப்பா கண்ணைத் திறக்காமல் முனகினார். "கனி, கால் மேல குந்திகினு கீறவர எயுந்துக்கச் சொல்லும்மா. பாரமா கீது."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் பாதத்தின் மேல் போர்வை குழிந்து கிடந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி முழங்காலுக்கு நகர்ந்தது.

பிறகு தொடைக்கு.