திருத்தம் போடாத பத்திரிகை

காலை ஐந்தே முக்காலுக்கு அங்கயற்கண்ணி பத்திரிகையின் முதல் பிரதியை அரசு வைத்த மெய்ப்பான் எந்திரத்தின் கண்ணாடித் தட்டில் விரித்து வைப்பாள். ஆறு மணிக்கு அது வாசிக்கும். அதன் பிறகுதான் செவல்குளத்தில் நேற்றுப் பிறந்த பிள்ளை பிறந்ததாகும், செத்தவர் செத்தவராவார்.

போலிப் பெருக்கு வந்த காலத்தில் எந்தப் படத்தையும் எந்தக் குரலையும் எந்திரமே உண்டாக்கியது. கடைசியில் அரசு காகிதத்திடம் வந்து நின்றது. மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் ஊர்ப் பத்திரிகையில் அச்சானது மட்டுமே உண்மை. நிபந்தனை ஒன்றுதான்: ஒரு திருத்தம் போட்டாலும் மெய்முத்திரை போய்விடும், அதுவரை அச்சிட்ட அத்தனையும் அரசுப் பதிவிலிருந்து அழியும். 'செவல்குளம் செய்தி' அறுபத்திரண்டு வருடமாகத் திருத்தம் போட்டதில்லை.

மெய்ப்பான் வாசித்து முடித்தபோது இசக்கியப்பன் வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். நாற்பத்து மூன்று நாளாக வருகிறார். தானியங்கிக் கதவு அவருக்குத் திறக்காது. பேருந்து நிற்காது. ரேஷன் கிடையாது. அவருடைய மரணச் செய்தியை இவர்கள்தான் அச்சிட்டிருந்தார்கள்.

துக்க வீட்டுக்குக் குடும்பத்தில் ஒருவர் போய், முகத்தைப் பார்த்து மாலை போட்ட பிறகே செய்தி என்பது தாத்தா வைத்த வழக்கம். அன்று போனவன் அங்கயற்கண்ணியின் தம்பி கோமதிநாயகம். மூடியிருந்த துணியை விலக்கச் சொல்லக் கூசி, காலடியில் மாலையை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டான். செத்தது இசக்கியப்பனின் அண்ணன் இசக்கிமுத்து. ஆஸ்பத்திரியில் கிடந்த இசக்கியப்பனுக்கு முன்கூட்டியே எழுதி வைத்திருந்த மரணச் செய்தி அச்சேறிவிட்டது.

"புதுசாப் பிறந்ததாப் போட்டுருவோமாக்கா?" என்றான் கோமதிநாயகம்.

"அறுபது வயசுப் பிள்ளையையா? மெய்ப்பான் காறித் துப்பும்ல."

"அப்ப விடு. ஒரு ஆளுக்காக நாப்பதாயிரம் பேரோட பிறப்பு, கல்யாணம், பட்டா எல்லாத்தையும் அழிப்பியா? நீயும் நானும் பிறந்ததும் அதுலதான் இருக்கு."

அவள் கதவைக் கையால் தள்ளித் திறந்து வெளியே போனாள். "அண்ணாச்சி, எங்க படுக்கீங்க?"

"பருத்தி மூட்டை போடுற பழைய கிட்டங்கிலம்மா. தனியா இல்ல. பதினோரு பேரு இருக்கோம். நாலு பேரு உங்க அப்பா காலத்துப் பேப்பர்ல செத்தவுங்க."

அறுபத்திரண்டு வருடப் பெருமை எதன் மேல் நின்றது என்று அப்போதுதான் அங்கயற்கண்ணிக்கு விளங்கியது. அப்பாவும் படியில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டித்தான் அலுவலகத்துக்குள் வந்திருப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"பேரெல்லாம் சொல்லுங்க," என்று குறிப்பேட்டை எடுத்தாள்.

மறுநாள் முதல் பக்கத்தில் பதினோரு பெயர்கள் வந்தன. 'இவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். தவறு எங்களுடையது.' கோமதிநாயகம் தடுக்கவில்லை. "முகத்தைப் பாத்திருக்கணும்" என்று மட்டும் சொல்லி, தாளைத் தட்டில் அவனே விரித்தான்.

ஆறு மணிக்கு மெய்ப்பான் வாசித்தது. முத்திரை விளக்கு அணைந்தது. பிறகு, பதிவு அழிய அழிய, தெருவில் ஒவ்வொரு வீடாக எந்திரச் சத்தம் அடங்கியது. எட்டு மணிக்குப் பள்ளி வண்டி எங்கும் நிற்காமல் போனது. பின்னாலேயே ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"எம்மா, எம் பிள்ள பதிவுலயே இல்லங்குது! என்னத்தப் போட்டுத் தொலச்சீங்க?"

எதிர்ப்புறம் பதினோரு பேரும் வந்து நின்றிருந்தார்கள். இசக்கியப்பன் தெருவைக் கடந்து வந்தார்.

"பிள்ள பேரென்ன தாயி?"

"மதிவதனி," என்றாள் அவள், அழுகையினூடே.

"மதிவதனி," என்று அவர் திரும்பிச் சொன்னார். பின்னால் நின்ற பத்துப் பேரும் அதையே மெதுவாகச் சொன்னார்கள். "நாங்க ஞாபகம் வச்சுக்கிடுதோம். மொத மாசந்தான் கஷ்டம். பிறகு பழகிரும்."